பகலில் விளக்கெரியாத புடவைக்கடை

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு புடவைக்கடைக்கு மின்சாரக் களவு பிடிக்க ஆட்கள் வந்தார்கள். கடை திறந்து மூன்றாம் மாதம் அது. மின்சார மானி வாசிக்க வருகிறவர் முதல் இரண்டு மாதமும் தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். மூன்றாம் மாதம் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டார். இவ்வளவு பெரிய கடை ஒரு சின்ன வீட்டளவுக்குத்தான் மின்சாரம் எரிக்கிறதென்றால் எங்கேயோ கள்ளக் கம்பி இழுத்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஏணியோடு வந்த இரண்டு பேர் கூரையில் ஏறினார்கள், சுவரைத் தட்டினார்கள், மானியைக் கழற்றித் திரும்பப் பூட்டினார்கள். கடைசியில் கடைக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பகல் பதினொரு மணிக்கு அங்கே ஒரு விளக்கும் எரியவில்லை. ஆனால் சேலைக் கரையில் இருந்த பொடிப் பொடிப் பூவெல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. எங்கேயிருந்து அக்கா எடுக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டாராம். கடைக்காரி விரலை மேலே நீட்டி, "அங்கயிருந்துதான் தம்பி. ஏலுமெண்டா வெட்டிப் பாருங்க" என்றாராம்.

அந்தக் கடையை வரைந்தவள் நான். அரச கட்டட அலுவலகமொன்றில் படவரைஞராகச் சேர்ந்து, படவரைஞராகவே ஓய்வு பெற்றவள். எங்கள் காரியாலயத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு அனுபவம் எழுதித் தாருங்கள் என்று வந்தார்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்கள். கட்டடத்துக்குள் பகல் வெளிச்சம் எவ்வளவு வருமென்று கணக்குப் பார்க்க அந்தக் காலத்தில் எந்த மென்பொருள் பாவித்தீர்கள் என்று. பிஸ்கற் பெட்டி, சோக்குக் கட்டி, பத்திரிகையில் வருகிற மரண அறிவித்தல் பக்கம் என்றேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அதனால்தான் எழுத ஒப்புக்கொண்டேன். கொஞ்சம் பெருமையடிப்பேன். பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கிற கவிதையைப் படிக்கலாம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோடு இழுத்தேன், அழித்தேன், மறுபடி இழுத்தேன், விரலெல்லாம் மையாக வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியது எங்கள் மேலதிகாரி பெலிக்ஸ் சேரைப் பற்றி. புளியந்தீவுப் பறங்கியர். தகப்பன் மரவேலைப் பட்டறை வைத்திருந்தவர். வீட்டில் போர்த்துக்கேயப் பேச்சு, காரியாலயத்தில் ஆங்கிலம், எங்களுக்கு ஏசும்போது மட்டும் சுத்த மட்டக்களப்புத் தமிழ். அவருடைய சட்டைப் பையில் பேனை இருக்காது, சோக்குக் கட்டிதான் இருக்கும். எந்த நிறச் சட்டை போட்டாலும் அந்தப் பை மட்டும் மாப் பட்ட மாதிரி வெளுத்துப்போய் இருக்கும்.

அவர் ஒரு கட்டடத்தைப் பார்வையிடுகிற முறையை நான் அவசரப்படாமல் சொல்ல வேண்டும். உள்ளே போனதும் எல்லா விளக்கையும் அணைக்கச் சொல்வார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்து ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். நாங்களும் மூடிக்கொண்டு நிற்க வேண்டும். வெயிலுக்குள்ளிருந்து வந்த கண் பொய் சொல்லும், அது அடங்கட்டும் என்பார். ஐந்து நிமிடம் முடிந்ததும் கக்கத்திலிருந்து பத்திரிகையை எடுத்து மரண அறிவித்தல் பக்கத்தை விரிப்பார். பத்திரிகையிலேயே ஆகப் பொடி எழுத்து அதுதான். யன்னலடியில் தொடங்கி, இறந்தவரின் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரையெல்லாம் வாய்க்குள் வாசித்துக்கொண்டு மெல்ல மெல்ல உள்பக்கம் நடப்பார். எந்த இடத்தில் வாசிப்புத் தடக்குகிறதோ அங்கே குனிந்து நிலத்தில் சோக்கால் ஒரு கோடு போடுவார். கோட்டுக்கு இங்கால் பகல், அங்கால் பல்பு. "மருமக்கள் வரைக்கும்தான் வெளிச்சம் வந்திரிக்கி. பேரப்புள்ளையள் இருட்டுக்க நிக்கிதுகள்" என்று முகத்தைச் சுளிக்காமல் சொல்வார். சிரிக்கக் கூடாது. சிரித்தால் அடுத்த அறையை நாங்கள் வாசிக்க வேண்டும்.

அந்தக் கோடு எங்கே விழுமென்று படத்திலேயே சொல்லிவிடலாம் என்பதையும் அவரிடம்தான் படித்தேன். நிலத்திலிருந்து யன்னலின் மேல் விளிம்பு எத்தனை அடியோ, ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு தூரம்தான் நல்ல வெளிச்சம் உள்ளே போகும். ஆகவே யன்னலை அகட்டிப் பயனில்லை, உயர்த்த வேண்டும். இதை அவர் எனக்கு வாயால் சொல்லவில்லை. நான் முதன்முதல் வரைந்த அகலமான யன்னலை மூன்று தரம் ஒன்றும் சொல்லாமல் திருப்பி அனுப்பினார். நாலாம் தரம் எனக்கு விசர் பிடித்து, அதைத் தூக்கிக் கூரையோடு ஒட்டி வரைந்து மேசையில் போட்டேன். என் பேனையை வாங்கிக் கையெழுத்து வைத்தார்.

பிறகு கரண்ட் இல்லாத வருடங்கள் வந்தன. சண்டைக் காலம். யன்னல்களுக்கு மணல் மூட்டை அடுக்கச் சொல்லி உத்தரவு. அடுக்கினால் உள்ளே இருட்டு, அடுக்காவிட்டால் உயிருக்குப் பயம். பெலிக்ஸ் சேர் மூட்டைகளை நெஞ்சு உயரத்தோடு நிறுத்தி, மேலே வெள்ளைத் துணி விரித்தார். வெயில் துணியில் பட்டு சீலிங்குக்கு ஏறி, அங்கேயிருந்து மேசைகளுக்கு இறங்கியது. சாவீட்டுக்கும் கோயிலுக்கும் வெள்ளை கட்டிப் பழகிய ஊரல்லவா, ஆருக்குச் சேர் வெள்ளை கட்டுகிறீர்கள் என்று எழுதுவினைஞர் ஒருவர் கேட்டார். உங்கள் மேசைக்குத்தான், இனியாவது வேலை செய்யுங்கள் என்றார் சேர். அந்த வெளிச்சத்தில்தான் வருடக்கணக்காகப் படம் வரைந்தோம். கரண்ட் திரும்பி வந்த கிழமையே துணியைச் சுருட்டிவைத்துவிட்டு, காலை எட்டு மணிக்கே எல்லா லைட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். நானும்தான் போட்டேன்.

சுனாமிக்கு அடுத்த வருடம் எனக்கு ஒரு தோல்வி காத்திருந்தது. அப்போது சேர் ஓய்வு பெற்றுவிட்டார். கல்லடிப் பக்கம் தையல் நிலையம் ஒன்று கட்ட உதவி நிறுவனமொன்று முன்வந்தது. பாடசாலைச் சீருடை தைத்து விற்கிற இடம். படம் வரைகிற பொறுப்பு என்னிடம் வந்தது. அந்த நிலம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நாடா மாதிரிக் கிடப்பது. கிழக்கே கடல், மேற்கே வாவி. தைக்க வருகிற பெண்கள் எல்லோரும் கடலுக்கு யாரையாவது பறிகொடுத்தவர்கள். படத்தை விரித்துக் காட்டியபோது அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கடலைப் பார்க்கிற யன்னல் வேண்டாம், பேருக்குக்கூட வேண்டாம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வரைந்ததில் மூளை வேலை செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கிழக்குச் சுவரை ஒரு ஓட்டையில்லாமல் அடைத்தேன். மேற்கே வாவிப் பக்கம் இடுப்பு உயரத்திலிருந்து பெரிய பெரிய யன்னலாகத் திறந்துவிட்டேன். வாவி குளிர்ச்சியானது, பார்த்துக்கொண்டு தைத்தால் மனதுக்கு ஆறுதல் என்று நினைத்தேன். திறப்பு விழாவில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். நானும் நன்றாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் போனேன். யன்னல் முழுக்கச் சீமெந்துப் பைத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே வரிசையாகப் பல்பு எரிந்தது. மத்தியானம் திரும்பியதும் மேற்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது, போதாததற்கு வாவித் தண்ணீரில் பட்ட வெயிலும் திரும்பி வந்து முகத்தில் அடிக்கிறது என்றார்கள். தாளை ஒட்டியவர் தங்கேஸ்வரி. கல்லடியில் சின்னப் புடவைக்கடை வைத்திருந்தவர். கடையையும் கணவனையும் கடல் ஒரே காலையில் கொண்டுபோனது. என்னைவிட மூத்தவர், தங்கேஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மெசினை நிறுத்தாமலே சொன்னார். "குறை நினைக்காதீங்க மிஸ். உங்கட யன்னல் வடிவுதான். ஆனா ஊசி கோக்க ஏலாம இரிக்கி."

சேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பல்பை அணைத்து, ஐந்து நிமிடம் கண்ணை மூடி, பத்திரிகையை விரித்து எல்லாம் செய்தார். தாள் ஒட்டிய யன்னலடியில் முதல் பெயரே வாசிக்க முடியவில்லை. தாளில் ஒரு மூலையை உரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. திரும்பவும் ஒட்டிவிட்டார். "யன்னல் போட்டிரிக்காய் புள்ள. வெளிச்சம் போடல்ல" என்றார். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வழி காட்டியது நானுமில்லை, சேருமில்லை. மறுபடி அளவெடுக்கப் போன அன்று தங்கேஸ் அக்கா, நான் அடைத்துவிட்ட கிழக்குச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். "கடல் தெரியாம, அந்தப் பக்கத்து வெளிச்சத்த மட்டும் எடுக்க ஏலாதா மிஸ்?" என்று கேட்டார். எனக்குத் தலையில் குட்டு விழுந்த மாதிரி இருந்தது. கூரையோடு ஒட்டிய யன்னலை நான்தானே கோபத்தில் ஒரு காலம் வரைந்து கையெழுத்து வாங்கினேன்! கிழக்குச் சுவரில் தலைக்கு மேலே, கூரையடியில், நீளமாக ஒரு வரிசை திறந்தோம். வாங்குப் பலகையில் ஏறி நின்றாலும் வானம்தான் தெரியும், கடல் தெரியாது. காலை வெயில் வந்தாலும் தலைக்கு மேலால் போய் எதிர்ச் சுவரில் விழும். வாவிப் பக்கம் தாழ்வாக ஓலைக் கிடுகுக் கூரை இறக்கினோம். வேலை முடிந்து சேர் வாசித்தபோது கோடு கடைசி மெசினுக்கும் அங்கால் விழுந்தது. தங்கேஸ் அக்கா தானே போய்ப் பல்பையெல்லாம் அணைத்தார்.

யுத்தம் முடிந்த மறுவருடம் தங்கேஸ் அக்கா என் வீட்டுக்கு வந்தார். நான் இருப்பது அமிர்தகழி. தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை வேறு ஏதோ கதைத்துக்கொண்டிருந்துவிட்டு, நகரத்தில் புடவைக்கடை போடப்போவதாகச் சொன்னார். கடல் கொண்டுபோனதைத் திரும்பக் கட்டுவதென்று அத்தனை வருடமும் மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். கைவசம் இருந்த எல்லாவற்றையும் போட்டு வாங்கிய நிலத்தின் அளவைக் கேட்டேன். அகலம் பதினெட்டு அடி. பின்னால் ஒரு சின்ன அறைக்கு விட்டாலும் கடைக்கு நீளம் எண்பது அடி. கிழக்கே தெரு, மேற்கே வாவி, வடக்கிலும் தெற்கிலும் அடுத்தவர் சுவர். எட்டடி உயரத்து வாசலால் வெளிச்சம் பதினாறு அடி போகும். மிச்சம் அறுபத்துநாலு அடியும் குகை. லீவு நாட்களில் வரைந்து தருகிறேன், பகலில் விளக்கே வேண்டாம் என்று சொன்னேன்.

சொல்லிவிட்டேன், ஆனால் புடவைக்கடை தையல் நிலையம் மாதிரி இல்லை. ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். டியூப் லைட்டின் கீழே அரக்கு கறுப்பாகத் தெரியும், மாம்பழ மஞ்சள் வெளிறித் தெரியும். அதனால் பெண்கள் எந்தக் கடையிலும் சேலையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய்த்தான் நிறம் பார்ப்பார்கள். போன இடத்தில் எதிர்க்கடையின் கண்ணாடியும் கண்ணில் படும். கல்லடிக் கடையில் தனக்கு அதுதான் பெரிய தலையிடி என்றார் தங்கேஸ் அக்கா. சேலை திரும்பி வருமாம், ஆள் வராதாம். அதற்காக வெயிலையும் உள்ளே விட முடியாது. வெயில் பட்டால் ஒரே மாதத்தில் சேலை மடிப்போடு வெளுத்துவிடும்.

அவருடைய கணவரின் தம்பி குணம். அண்ணன் போன பிறகு அண்ணிக்குத் துணையாக நின்ற நல்ல மனிதர். ஆனால் வெறுஞ்சுவரைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது, ஏதாவது மாட்ட வேண்டும். கூரையில் மேல் யன்னல் வைத்த முதல் படத்தை நான் காட்டியபோது அவர் கேட்ட கேள்வி இன்றைக்கும் நினைவிருக்கிறது. லைட் எரியாத கடை இந்த ஊரில் என்னவென்று தெரியுமா மிஸ், கடையடைப்பு என்றார். சிரித்தேன். சிரித்தது என் பிழை. அத்தனை வருடத்து ஹர்த்தால்களில் சனத்தின் கண் அப்படித்தான் பழகியிருந்தது. கதவு அரைவாசி திறந்து உள்ளே இருட்டாக இருந்தால் பேசாமல் திரும்பிப் போய்விடுவார்கள். அவர் நாலு வரிசைக்கு டியூப் லைட் வாங்கி, பெட்டி பெட்டியாக அடுக்கியே வைத்துவிட்டார்.

தங்கேஸ் அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் தீர்ப்புச் சொன்னார். "திறக்கிற அண்டு பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் லைட் போடாம வச்சிப் பாக்கன். ஒரு ஆள் சாறியத் தூக்கிக்கொண்டு றோட்டுக்குப் போனாலும் சரி, உங்கட மேல் யன்னலுக்குத் தகடு அடிச்சிருவன் மிஸ். முதல் நாள் பேர் கெட்டா இந்த ஊரில மறுகா எழும்ப ஏலா." அவருக்கு இன்னொரு கடை கட்ட வழியில்லை என்பது எனக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் புத்தகத்தில் வடக்குப் பக்கம் யன்னல் வைத்தால் வெயிலே வராது என்று எழுதியிருந்தது. நம்பி வரைந்துகொண்டு சேரிடம் போனேன். புத்தகத்தை மூடி ஓரமாக வைத்தார். "அதை எழுதின ஆளிட ஊரில சூரியன் வேற வழியால போகுது. எங்கட ஊரில ஆனி மாதம் மத்தியானம் அது எங்க நிக்கிது? வடக்கால. வாசல்ல நிண்டு உன்ட நிழலப் பாரு" என்றார். பாதி வரைந்த படத்தைக் கிழித்தேன். பெரிய பிஸ்கற் பெட்டி நாலை வெட்டி நீளத்துக்கு ஒட்டி, ஒரு அடிக்கு ஓர் அங்குலமென்று கடையை அதற்குள் கட்டினோம். சுவருக்கு அடிக்கப்போகிற அதே வெள்ளைப் பூச்சை உள்ளே பூசினோம். பக்கத்தில் கண் வைத்துப் பார்க்க ஒரு துளை. உள்ளே தரையில் மரண அறிவித்தல் துண்டும், சேலைக் கரைத் துண்டுகளும். வெளிச்சத்துக்குப் பெரிது சின்னது தெரியாது, பெட்டிக்குள் வாசிக்க முடிந்தால் கடைக்குள்ளும் வாசிக்கலாம் என்றார். காலை எட்டு, பகல் பன்னிரண்டு, பின்னேரம் நாலு என்று மூன்று நேரமும் மொட்டை மாடியில் வைத்துப் பார்த்தோம். ஆனி மாதத்து வெயிலுக்காக ஆனி வரை காத்திருக்கவில்லை. கணக்குப் பார்த்துப் பெட்டியைச் சாய்த்துப் பிடித்தால் அதே வெயில் உள்ளே விழும். விழுகிற இடத்தைப் பார்த்துக் கூரை விளிம்பை அரை அங்குலம் நீட்டுவோம், மறுபடி சாய்ப்போம். வெயில் முழுக்க வெளியே நிற்கும்வரை பதினொரு தரம் வெட்டி ஒட்டினோம்.

இப்படித்தான் அந்தக் கூரை வந்தது. தெற்குப் பாதி உயரம், வடக்குப் பாதி தாழ்வு, இரண்டுக்கும் நடுவில் கடையின் நீளத்துக்கும் வடக்குப் பார்த்த மேல் யன்னல். அதற்கு மேலே நீட்டிய விளிம்பு. பின்னால் வாவிப் பக்கம் சட்டை தைக்கிற அறைக்குத் தாழ்ந்த கூரை போட்டேன். வெயில் உள்ளே வராது, தண்ணீரில் பட்ட வெளிச்சம் மட்டும் கீழிருந்து ஏறி சீலிங்கில் விழும். முன்பு என்னை அவமானப்படுத்திய வாவியை இந்தத் தடவை வேலை வாங்கினேன். கடையின் பின்சுவருக்கு மட்டும் தனி ஏற்பாடு. அதன் தலைக்கு மேலே கூரையில் ஒரு முழ அகலத்துக்குப் பிளவு விட்டு, வெள்ளைத் தகடு போட்டு, வெளிச்சம் சுவர் நீளத்துக்கும் வழிந்து இறங்கச் செய்தேன். தெருவில் நிற்கிறவருக்கு எண்பது அடிக்கு அங்கால் அந்தச் சுவர் பளிச்சென்று தெரிந்தால் கடை திறந்திருக்கிறதென்று விளங்கும். குணத்தின் கடையடைப்புக்கு என் பதில் அதுதான். அந்தச் சுவரில் ஒன்றும் மாட்டக் கூடாது என்று படத்திலேயே எழுதி வைத்தேன். கட்டி முடிந்ததும் கடை முழுக்கச் சிவப்புத் துணிக் கீலங்களை அரைவாசிக்கு மட்டை மூடித் தொங்கவிட்டு ஆறு கிழமை விட்டோம். மட்டையை எடுத்துப் பார்த்தால் மூடின பாதிக்கும் மூடாத பாதிக்கும் நிறத்தில் வித்தியாசமே இல்லை. தங்கேஸ் அக்கா ஒவ்வொரு கீலத்தையும் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

திறப்பு நாள் சுப நேரம் காலை ஒன்பது மணி. என்னிடமிருந்த ஒரே பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். பஸ் பிந்திவிட்டது. பூசை முடிந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் கடைத் தெருவுக்குப் போய்ச் சேர்ந்தேன். எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். வாசலில் வாழை கட்டியிருக்கிறது, கும்பம் இருக்கிறது, உள்ளே கிணறு மாதிரி இருட்டு. பையோடு வந்த ஒரு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பிக் கேட்டார். "ஏங்கா, இண்டைக்கும் ஹர்த்தாலா?"

தெருவை எப்படிக் கடந்தேனோ தெரியாது. உள்ளே காலை வைத்தால் தலைக்கு மேலே வெளிச்சம் இருக்கிறது. ஆனால் பின்சுவரைக் காணவில்லை. மேலிருந்து கீழ்வரை அரக்கும் கருநீலமுமாகக் கலியாணக் கூறைச் சேலைகள் தொங்கின. வழிந்து வந்த வெளிச்சத்தை முழுக்க அவை குடித்துக்கொண்டிருந்தன. குணம் விடியக்காலை எழும்பி, நல்ல சேலைகளாகப் பார்த்துத் தானே மாட்டியிருக்கிறார். என்ன காரியம் செய்தீர்கள் என்று கத்தினேன். "சும்மா கிடந்த சுவர்தானே மிஸ்" என்றார் பாவம்.

தங்கேஸ் அக்கா மணிக்கூட்டைப் பார்த்தார். டியூப் லைட் பெட்டிகள் வாசலுக்குப் பக்கத்திலேயே அடுக்கியபடி இருந்தன. ஐந்து நிமிடம் தாருங்கள் அக்கா என்று கெஞ்சினேன். அவர் வாங்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரடியில் வைத்தார். அவ்வளவுதான். பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். நான் கழற்ற, அவர் வாங்க, குணமும் வந்து மறுபக்கம் கழற்றத் தொடங்கினார். கடைசிச் சேலை இறங்கியதும் சுவர் பால் மாதிரி எழும்பி நின்றது. நான் தெருவுக்கு ஓடி எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் எண்பது அடியும் திறந்து கிடந்தது. மேசையில் கிடந்த ஒவ்வொரு நிறத்தையும் அங்கேயிருந்தே பிரித்துச் சொல்லலாம். ஹர்த்தாலா என்று கேட்ட அம்மா பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் உள்ளே போனார்.

பதினொரு மணிக்குக் கடை நிறைந்துவிட்டது. யாரும் வெளியே போகவில்லை. பதினொன்றரைக்கு மேல் களுதாவளையிலிருந்து கலியாண வீட்டுக்காரர் வந்தார்கள். பெண்ணின் தாய், தாயின் இரண்டு மச்சாள்மார். தாய் விறைப்பான ஆள். கூறைச் சேலை பதினைந்தை விரிக்கச் செய்து, அரக்கில் ஒன்றைப் பிடித்தார். தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். பிறகு வழக்கம் விடுமா, சேலையைக் கையில் அள்ளிக்கொண்டு வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

கடையில் விற்பனைக்கு நின்றவர்களுக்கும் நிபந்தனை தெரியும். குணம் டியூப் லைட் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். தங்கேஸ் அக்காவின் கையில் கத்தரிக்கோல் அப்படியே நின்றது. அந்த அம்மா வாசல் நிலையைத் தாண்டிப் படியில் ஒரு காலை வைத்தார். சேலையின் தலைப்பு வெயிலில், மிச்சம் உள்ளே. தலைப்பைப் பார்த்தார். உள்ளே கிடந்த பகுதியைப் பார்த்தார். மறுபடியும் தலைப்பைப் பார்த்தார். "என்னகா இது, உள்ளயும் இதே நிறம்தானே. நான் ஏன் சும்மா வெயிலுக்க நிக்கன்?" என்று மச்சாளிடம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

படியில் கால் வைத்துவிட்டாரே அண்ணி என்று குணம் மெல்லச் சொன்னார். "படி கடைப் படிதான் தம்பி. றோட்டு இல்ல" என்றார் தங்கேஸ் அக்கா. அந்தச் சேலையோடு இன்னும் எட்டுச் சேலை மடித்துக் கட்டினார்கள்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. பெலிக்ஸ் சேர். கக்கத்தில் பத்திரிகை. யாருடனும் கதைக்காமல், வாசலுக்கு உள்ளே வந்து மணிக்கூட்டைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். செபம் செய்கிறார் என்று நினைத்து இரண்டு பெண்கள் விலகி நின்றார்கள். ஐந்து நிமிடம் முடிந்ததும் மரண அறிவித்தல் பக்கத்தை விரித்து வாசித்தபடி நடந்தார். மக்கள், மருமக்கள். பதினாறு அடியைத் தாண்டினார். சனம் வழி விட்டது. பேரப்பிள்ளைகள். நடுக் கடையைத் தாண்டினார். நான் பின்னால் போனேன். பூட்டப்பிள்ளைகள், தகனக் கிரியை நடக்கிற நேரம், வீட்டு விலாசம் வரைக்கும் வாசித்துக்கொண்டே போய்ப் பின்சுவரில் தோள் முட்டிய பிறகுதான் நின்றார். பத்திரிகையை மடித்தார். பையிலிருந்த சோக்குக் கட்டியை எடுத்து, நிலத்தைப் பார்த்துவிட்டு, என் கையில் வைத்தார்.

"கோடு போட இடமில்ல புள்ள."

எனக்கு அத்தனை சனத்துக்கு நடுவில் அழுகை வெடித்துவிட்டது. பட்டுத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, மூக்கையும் துடைத்தேன். கோயில் மணி பன்னிரண்டு அடித்தது. தங்கேஸ் அக்கா கூறைச் சேலைகளை மடித்து அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் குணத்திடம் சொன்னார்.

"தம்பி, அந்த லைட்டுப் பெட்டியள் வாசலில கிடக்கு. சனத்துக்குக் கால் தடக்குது, எடுத்துக் கொண்டு போய் வாங்கின கடையில திருப்பிக் குடுத்திட்டு வா."